மூடியைக் கழற்றியவர்

பதினோரு வெள்ளை அங்கிகள். மேஸ்திரியின் மனைவி அவற்றைப் பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி, இரண்டு தெரு சுமந்து வந்து, இஸ்திரிக்காரியின் மேசைமேல் இறக்கினாள். பத்தரை மணிக்கே தெரு கொதித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் அதைவிடக் கொதிப்பு. ஒரே ஒரு ஜன்னல். மின்விசிறி இருந்தது, ஆனால் அதைப் போட்டால் பெட்டியின் சூடு இறங்கிவிடும் என்று இஸ்திரிக்காரி போடுவதில்லை.

"சபையிலேர்ந்து. ஞாயித்துக்கிழமைக்கு வேணும். கழுத்துப் பட்டி மட்டும் நல்லா விறைப்பா நிக்கணுமாம்."

"பதினோரு பேரா அக்கா? இந்தத் தடவை ஜாஸ்திதான்."

"ம்."

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் இன்னொருத்தி. ஒன்பது வருஷமாக இருவருக்கும் இடையே துணி மட்டும்தான் போய் வந்துகொண்டிருந்தது.

இஸ்திரிக்காரி அங்கிகளை அளவு பார்த்துப் பிரித்தாள். உள்ளே, சுவரோரம் உட்கார்ந்து அவள் புருஷன் இடது கையால் தண்ணீர் பாட்டிலை அமுக்கித் துணிகளுக்கு ஈரம் காட்டிக்கொண்டிருந்தான். அவன் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

அடியில் இருந்த அங்கியை விரித்தபோது அவள் கை நின்றது. மற்றவற்றைவிட ஒரு சாண் அகலம். இடது தோள் தையலைப் பிரித்து, கொஞ்சம் இறக்கித் தைத்திருந்தார்கள். மரம் தூக்கித் தூக்கி இறங்கிப்போன தோள். அந்தத் தோளுக்கு அவள் எத்தனையோ சட்டை தேய்த்திருக்கிறாள்.

"இது யாருக்குக்கா?"

"பாத்தா தெரியுதுல்ல. அப்புறம் எதுக்குக் கேக்கற?"

"உங்க வாயால சொல்லுங்க."

மேஸ்திரியின் மனைவி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு ஞானஸ்நானம் எடுக்கறாரு. நெஞ்சுவலி வந்து படுத்தாரே, அதுலேர்ந்தே ஆள் ஒரு மாதிரிதான் இருந்தாரு. இப்ப ஜெபத்துல உக்காந்தா பச்சைப்புள்ள மாதிரி அழறாரு. பாவம் எல்லாம் தொலைஞ்சுடும், புது வாழ்க்கைன்னு பாஸ்டர் சொன்னாராம்."

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள். பகலில் அவள் சுவிட்சை அணைத்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"எந்தப் பாவம்?" என்றாள்.

மேஸ்திரியின் மனைவி காலிப் போர்வையை மடிக்கத் தொடங்கினாள். உள்ளே பாட்டில் அமுங்கும் சத்தம் நின்றிருந்தது.

*

மரம் அறுக்கும் மில்லில் அண்ணன் மேஸ்திரி. தம்பி அவருக்குக் கீழே வட்ட ரம்பத்தில் நின்றவன். ரம்பத்துக்கு மேலே இரும்பு மூடி ஒன்று உண்டு. கை உள்ளே போகாமல் தடுக்க வைத்தது. தடிமரம் வந்தால் மூடியில் இடித்துக்கொண்டு நிற்கும். அன்றைக்குத் தடிமரம் நிறைய. லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான்கு விரலும் போயின.

தம்பியைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அண்ணன்தான். அதை யாரும் மறுத்ததில்லை. ஆனால் விசாரணைக்கு ஆபீசர் வந்தபோது மில் ஆபீசில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், மூடியை அவனே கழற்றினான் என்று அதில் இருந்தது. கீழே மேஸ்திரியின் கையெழுத்து.

அதுவரை தம்பி குடித்தது கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது கிளாசை நீட்டினால்கூட, வேலையில் கை நடுங்கும் என்று தள்ளிவிடுகிறவன். காகிதம் வந்த பிறகு நஷ்டஈடு இல்லை, வேலை இல்லை. இன்னொரு மில்லுக்குப் போனால், "ஓ, நீதானா அது" என்றார்கள். காவல்காரன் வேலைக்குக்கூட யாரும் சேர்க்கவில்லை. இரண்டு வருஷம் இப்படிப் போனது. மூன்றாவது வருஷம் குடிக்க ஆரம்பித்தான். குடிகாரன் என்ற பேர் முதலில் வந்தது, குடி அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

அண்ணனை மட்டும் அவன் விட்டுக்கொடுத்ததே இல்லை. "முதலாளி எழுதி நீட்டியிருப்பாரு. அண்ணன் என்ன பண்ணுவான், அவனுக்கும் பொழப்பு இருக்குல்ல" என்பான். இதைச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் சண்டை வரும்.

*

சனிக்கிழமை சாயங்காலம் இஸ்திரிக்காரி பத்து அங்கியைச் சபையில் கொடுத்துவிட்டு, பதினோராவதைக் கசங்கியபடியே எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மரத்தூள் அரித்துச் சிவந்த கண்கள். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வாம்மா. உள்ள வா. டீ போடச் சொல்றேன்."

"நான் விருந்துக்கு வரல அத்தான். உக்காருங்க." அங்கியை அவர் மடியில் வைத்தாள். "பத்து பேருது தேய்ச்சாச்சு. அவங்க என்ன பாவம் பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுது தெரியும். அதனால இதைத் தேய்க்க மாட்டேன்."

அவர் அங்கியைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ கோபப்படறது நியாயம்தான். ஆனா நான் எல்லாத்தையும் கடவுள்கிட்ட சொல்லிட்டேம்மா. ஒண்ணு விடல. மூடி, காகிதம், எல்லாம். அழுது சொன்னேன். மன்னிச்சுட்டாரு. உள்ளுக்குள்ள எனக்குத் தெரியுது, பாரம் இறங்கிடுச்சு."

"யாரு மன்னிச்சாங்க?"

"கடவுள்."

"கடவுளோட கையா ரம்பத்துல போச்சு?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். "என்னடி பேச்சு இது, விளக்கு வெக்கிற நேரத்துல."

"நீங்க சும்மா இருங்கக்கா. விரல் போன மனுஷன் ரெண்டு தெரு தள்ளி உக்காந்திருக்காரு. அவரைத் தாண்டி அவ்வளவு மேல போய் மன்னிப்பு வாங்கிட்டு வந்திருக்காரு உங்க வீட்டுக்காரரு. போற வழியில எங்க வீட்டுக் கதவு கண்ணுல படலையா?"

"அப்ப இருந்த ஆள் வேறம்மா" என்றார் மேஸ்திரி. "நான் சமாளிக்கறதுக்காகச் சொல்லல. நெசமாவே அந்தப் பழைய மனுஷன் செத்துட்டான். தண்ணியில முங்கறதே அவனைப் புதைக்கறதுக்குத்தான். எழுந்து வர்றவன் புதுசு."

"செத்துட்டாரா? சாவுக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான். நெருங்கின சொந்தம். வந்து நல்லா ஒப்பாரி வெச்சிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விடவில்லை.

"சரி, செத்துட்டாரு. அவரு போட்ட கையெழுத்து? அது மில் ஆபீஸ் அலமாரியில உசுரோட இருக்கு. வருஷா வருஷம் எங்க வீட்டுச் சோத்துல அதுதான் மண்ணைப் போடுது. திங்கக்கிழமை காலைல மில்லுக்கு யாரு போவாங்க? பழைய மேஸ்திரியா, புது மேஸ்திரியா? புது ஆள்னா முதலாளிகிட்ட போய், அந்தக் காகிதம் பொய், நான் போட்டதுதான்னு சொல்லட்டும்."

"வேலை போயிடும்மா. இன்னும் மூணு வருஷம்தான் பாக்கி. இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு நான் எங்க போய்..."

"அப்ப பாவம் மட்டும் போகணும். வேலை போகக் கூடாது."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு நான் வருவேன்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரி இறங்கி நடந்தாள். வீடு வரும்வரை தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

*

சபை என்பது ஒரு டயர் கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த நீளக் கூடம். கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி, மேலே தார்ப்பாய். போதகர் வார நாட்களில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தார். இறங்குமுன் ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை சாட்சி சொன்னார்கள். ஒரு பெண் பொறாமை என்றாள். ஒரு பையன் செல்போன் என்றான், சிலர் சிரித்துவிட்டார்கள்.

மேஸ்திரி கடைசி ஆள். அவர் அங்கி மட்டும் கசங்கியிருந்தது. தண்ணீரில் இறங்கி நின்று, கைகூப்பிக்கொண்டு சொன்னார்.

"நான் பெரிய பாவி. பொய் சொல்லியிருக்கேன். கூடப் பிறந்தவனுக்குத் துரோகம் பண்ணியிருக்கேன். எல்லாத்தையும் கடவுள் மன்னிச்சு எனக்குப் புது வாழ்க்கை கொடுத்திருக்காரு."

எல்லாரும் ஆமென் என்றார்கள். போதகர் அவர் முதுகில் கை கொடுத்தார்.

"என்ன பொய்யின்னு சொல்லச் சொல்லுங்க" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

இஸ்திரிக்காரி எழுந்து நின்றிருந்தாள். இரண்டு பேர் அவளை நோக்கிப் போனார்கள். போதகர் ஈரக் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார்.

"நீங்க யாரும்மா?"

"கூடப் பிறந்தவன்னு சொன்னாருல்ல, அவரோட பொண்டாட்டி. பொய்யின்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு முங்கிட்டா எப்படி? அந்தச் சின்னப் புள்ளைகூட செல்போன்னு பேரைச் சொல்லுது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ரம்பம், மூடி, ஆஸ்பத்திரி, காகிதம். குரல் உடையவில்லை. கடைத்தெருவில் விலை கேட்கிற குரலில் சொன்னாள். போதகர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"உண்மையா?"

"உண்மைதான் பாஸ்டர்."

"எங்கிட்ட சொல்லலையே."

"கடவுள்கிட்ட சொன்னேன்."

"நல்லதுதான். தம்பிகிட்ட?"

தண்ணீர் தொட்டிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. "இல்ல" என்றார் மேஸ்திரி.

"ஏறுங்க."

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "பாஸ்டர், கிருபைக்கு நாம நிபந்தனை போடலாமா? கடவுள் மன்னிச்சவரை நீங்க தண்ணியிலேர்ந்து ஏறச் சொல்றீங்களே."

"கடவுள் எப்பவோ மன்னிச்சிருக்கலாம் ஐயா. அதுல நான் குறுக்க வர முடியாது. ஆனா இவரு இதை மூடி வெச்சுக்கிட்டே முங்கினா, கூட நின்னு முக்கின நானும் சேர்ந்து மூடினவன் ஆயிடுவேன்." போதகர் முதலில் தான் ஏறி, மேஸ்திரிக்குக் கை கொடுத்தார். "வாங்க, நானும் வரேன்."

உச்சி வெயிலில் மூன்று பேரும் தெருவில் நடந்தார்கள். இஸ்திரிக்காரி முன்னால், திரும்பிப் பார்க்காமல். பின்னால் இடுப்புக்குக் கீழே நனைந்த அங்கியோடு மேஸ்திரி, பக்கத்தில் போதகர். டயர் கடையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "என்னங்க, குளிக்கும்போது தண்ணி நின்னுடுச்சா?" என்றான்.

தம்பி வழக்கம்போல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் வரை அவன் குடிப்பதில்லை. அண்ணன் நின்ற கோலத்தைப் பார்த்து, "என்னண்ணே, பாதியிலேயே எழுந்து ஓடி வந்துட்டியா?" என்றான்.

மேஸ்திரி தரையில் உட்கார்ந்தார். "அந்த மூடியைக் கழட்டினது நான்டா."

"தெரியும். ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததே நான்தான். தண்ணி குடி, மூச்சு வாங்குது பாரு."

"காகிதத்துல கையெழுத்து போட்டது..."

"அதுவும் தெரியும். முதலாளி எழுதி நீட்டினா நீ என்ன பண்ணுவ? இவதான் புரிஞ்சுக்க மாட்டேங்கறா."

மேஸ்திரி போதகரைப் பார்த்தார். போதகர் கதவருகிலேயே நின்றிருந்தார்.

"முதலாளி எழுதல" என்றார் மேஸ்திரி. "என்ன நடந்துச்சுன்னு எழுதிக் கொடுன்னுதான் கேட்டாரு. எழுதினது நான். மூடியைக் கழட்டினது யாருன்னு எம்பக்கம் திரும்பிடக் கூடாதுன்னு, நீ குடிச்சிருந்தேன்னு நானா எழுதினேன்."

"யாரும் சொல்லாமயா?"

"யாரும் சொல்லல."

"எப்ப?"

"நீ உள்ள மயக்கத்துல இருந்தப்ப. வெளியில பெஞ்சுல உக்காந்து."

தம்பி எழுந்தான். கஞ்சிச் சட்டியை எடுத்து வீசினான். அது மேஸ்திரியின் காதோரம் போய்ச் சுவரில் உடைந்தது. போதகர் ஓர் அடி முன்னால் வந்தார். "நீங்க தள்ளி நில்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, தம்பி அண்ணனின் அங்கியை இடது கையால் நெஞ்சோடு கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"ஒன்பது வருஷம் இவகிட்ட உனக்காகச் சண்டை போட்டிருக்கேன். எங்க அண்ணனைச் சொல்லாதன்னு. ஒரு நாள் கை நீட்டிட்டேன். தெரியுமா உனக்கு? உன்னை ஒரு வார்த்தை சொன்னதுக்கு, இந்தக் கையால இவ கன்னத்துல அடிச்சேன்."

இஸ்திரிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அடியைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"குடிக்காதவனைக் குடிகாரன்னு எழுதின. உன் எழுத்து பொய்யாகக் கூடாதுன்னு குடிச்சுக் காட்டிட்டேன் பாரு. போதுமா? இப்ப வந்து புது ஆள்ங்கற. என்னைப் புதுசாக்க எந்தத் தொட்டி இருக்கு?"

மேஸ்திரி திமிறவில்லை. அங்கி கழுத்தில் கிழிந்தது. தம்பி கையை எடுத்தான்.

"நாளைக்குக் காலைல சங்கு ஊதறதுக்கு முன்னாடி மில் வாசலுக்கு வரேன்" என்றான். "எங்கிட்ட சொன்னதை அங்க சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

*

திங்கட்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஈர மரத்தூள் வாசனை தெருமுனை வரை வந்தது. தம்பியும் அவன் மனைவியும் வாசலுக்கு எதிரே நின்றார்கள். ஒன்பது வருஷத்தில் அவன் அந்த வாசலுக்கு வந்தது அன்றுதான். மேஸ்திரி ஆட்களைக் கூட்டி நிறுத்திப் பேசத் தொடங்கியபோது உள்ளே எவனோ ரம்பத்தை ஓட்டிவிட்டான். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அது நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

முதலாளி குடையோடு இறங்கி வந்தார். "என்னய்யா கூத்து இது? உள்ள வா, ஆபீஸ்ல உக்காந்து பேசிக்கலாம்."

"இங்கேயே சொல்லிடறேன் முதலாளி. உள்ள வந்தா மாத்திச் சொல்லிடுவேன்."

சொன்னதை எழுதியே கொண்டு வந்திருந்தார். பழைய ஆட்கள் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்து போட்டார்கள். மூன்றாமவன் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது தம்பியைப் பார்த்து, "அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்ப்பா" என்றான். "தெரிஞ்சா வாய்ல என்ன வெச்சிருந்தீங்க?" என்றாள் இஸ்திரிக்காரி. அவன் உள்ளே போய்விட்டான். மேஸ்திரியை அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

பேர் திரும்பி வந்ததும் குடி நின்றுவிடும் என்று அவள் எங்கோ மனசுக்குள் நினைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அந்தப் புதுக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவன் போய்க் குடித்துவிட்டு வந்தான். வாசலில் உட்கார்ந்து அழுதான். அவள் சோற்றைத் தட்டில் போட்டு அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அந்த வாரம் முழுக்கத் துணிகள் அவள் பெட்டிக்கடியில் பட்ட பாட்டை அவைதான் சொல்ல வேண்டும். சட்டை வாங்க வந்த ஒருவர், மடிப்பில் கை வைத்தால் வெட்டிவிடும் போலிருக்கிறது என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் மறுபடி போனாள். கூப்பிட்டவர் யாரும் இல்லை. தொட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்தான். மேஸ்திரி கழுத்தில் ஒட்டுப்போட்ட அங்கியோடு நின்றார். படியில் கால் வைக்கப் போனவர் அவளைக் கண்டு, திரும்பி அவளிடம் வந்தார்.

"தம்பிகிட்ட கேட்டேன். ஒண்ணும் சொல்லல. உங்கிட்ட நான் இன்னும் கேக்கவே இல்லம்மா. உன் தலையெழுத்தையும் சேர்த்துத்தான் எழுதிட்டேன் அந்தக் காகிதத்துல. என்னை மன்னிப்பியா?"

கொல்லையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல அத்தான். இன்னிக்கு என்னால முடியாது."

அவர் மனைவி விசும்பினாள். "சரிம்மா" என்றார் மேஸ்திரி. "இதோடவே இறங்கறேன்."

போதகர் அவர் முதுகைத் தாங்கித் தண்ணீருக்குள் சாய்த்தார். பெரிய உடம்பு. தண்ணீர் கரை தாண்டி வழிந்து, நின்றவர்களின் கால்களை நனைத்தது. இருமிக்கொண்டே எழுந்தார். இத்தனை வருஷமும் அவளை எங்கே கண்டாலும் தரையைப் பார்த்தே பழகியவர், கண்ணில் தண்ணீர் வழிய அவளை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு மறுநாளைக்குப் பள்ளிக்கூடச் சீருடைகள் இருந்ததால் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் புருஷன் மேசைமேல் துணிகளைப் பிரித்து வைத்திருந்தான். அவள் சுவிட்சைப் போட்டாள். பெட்டி சூடேறியதும் அவன் கேட்டான்.

"முங்கிட்டானா?"

"முங்கினாரு. எழுந்தாரு."

"ஆள் மாறிட்டானா?"

அவள் ஒரு சட்டையை விரித்துக் கையால் நீவினாள்.

"நாளைலேர்ந்து வேலை தேடிப் போவாருல்ல. பழைய இடத்துல எதுக்கு வேலையை விட்டு நின்னீங்கன்னு கேப்பாங்க. அங்க என்ன சொல்றாருன்னு பாப்போம்."